காட்டுத் தீயும் வினையும்

கல்வராயன் மலையின் இலையுதிர் காடு மாசி பிறந்ததும் சருகு மெத்தையாகிவிடும். பங்குனி, சித்திரையில் அதில் ஒரு பொறி விழுந்தால் தீ சரிவில் மேல்நோக்கி ஓடும். பச்சைத் தழையால் அடித்து அணைப்பவர்கள் எட்டுவதற்குள் உச்சியைத் தொட்டுவிடும். மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தரையில் முட்டையிட்ட கௌதாரியும் ஓட முடியாத ஆமையும் பிழைப்பதில்லை. சில நேரம் மனிதரும் பிழைப்பதில்லை: 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது, 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இத்தகைய சாவுகளுக்குப் பின் எழும் கேள்வி பழையது. 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தபோது, நல்ல கடவுள் இதை எப்படி அனுமதித்தார் என்று ஐரோப்பா கேட்டது. காட்டுத் தீக்கு அந்தக் கேள்வி பாதிதான் பொருந்தும். பூமி அதிர ஆள் தேவையில்லை. ஆனால் இந்தியக் காடுகளில் மின்னலால் பற்றும் தீ அபூர்வம். மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கவோ தேனடைக்குப் புகை போடவோ வைத்த நெருப்பு, அணைக்காமல் எறிந்த பீடி என்று ஏறக்குறைய எல்லாமே மனிதர் கையிலிருந்து போனவை.

பாரதக் கதையில் காடு எரிவது வீரச்செயல். அக்கினியின் பசி தீரக் கண்ணனும் அருச்சுனனும் காண்டவ வனத்தைக் கொடுக்கிறார்கள். தப்பி ஓடும் உயிர்களை மறித்தும் கொல்கிறார்கள். கல்வராயன் மலை அடங்கிய நடுநாட்டுக்காரரான வில்லிபுத்தூராரும் தம் பாரதத்தில் அதற்கென ஒரு சருக்கமே பாடியிருக்கிறார். எனினும் மூலக்கதையே நான்கு பறவைக் குஞ்சுகளைத் தப்பவிடுகிறது. கதை சொன்னவருக்கும் மனம் உறுத்தியிருக்க வேண்டும்.

சைவ சித்தாந்தம் வினையைப் பிரித்துப் பார்க்கிறது. முன் செய்ததன் பயனாக இப்போது அனுபவிப்பது நுகர்வினை. இப்போது செய்து புதிதாகச் சேர்ப்பது ஏறுவினை. ஒரே தீயில் வெந்தவருக்கு அது நுகர்வினை, வைத்தவருக்கு ஏறுவினை. ‘எல்லாம் விதி’ என்ற பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. பிள்ளையை இழந்த தாய் அதைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேசக் கூடாது. தீ வைத்தவர் சொன்னால் சித்தாந்தமே அவர் பக்கம் நிற்காது.

சமணம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. நெருப்பையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்பது அதன் கொள்கை. ஆகவே தீயை அணைப்பதும் கொலையே. அப்படியானால் மூட்டியவரும் அணைத்தவரும் சமமா? இந்தக் கேள்வி சுவேதாம்பரப் பிரிவினரின் பகவதி சூத்திரத்தில் மகாவீரரிடம் நேராகவே கேட்கப்படுகிறது. மூட்டியவருக்கே பெரும்பாவம், அணைத்தவருக்குச் சிறிது என்பது அவர் விடை; மூட்டிய தீ மற்ற எல்லா வகை உயிர்களையும் கூடுதலாகக் கொல்கிறது. மூட்டியவரையும் அணைத்தவரையும் ஒரே தட்டில் வைப்பதை இந்தக் கணக்கு ஏற்பதில்லை. அதுதான் இதன் பலம்.

தமிழ்ச் சமணர் மற்றப் பிரிவான திகம்பரத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கோயில்களில் ஒன்று கல்வராயன் மலை உள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைக்கு அருகே திருநறுங்கொண்டையில் இருக்கிறது. அங்குள்ள அப்பாண்டைநாதர், பார்சுவநாதர். இளவரசராக இருந்தபோது, நெருப்பு வளர்த்துத் தவம் செய்த ஒருவரின் கட்டையைப் பிளக்கச் செய்தார் என்பது அவர் கதை. உள்ளே ஒரு பாம்பு இணை வெந்துகொண்டிருந்தது. தவசி அதை அறிந்து செய்யவில்லை. கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். புல்லுக்காகச் சருகில் நெருப்பு வைப்பவரும் பெரும்பாலும் இந்தத் தவசியைப் போன்றவரே.

இல்லறத்தார் விலக்க வேண்டியவை என்று சமணம் வகுத்த 15 தொழில்களில் காட்டுக்குத் தீ வைப்பதும் ஒன்று. அரசின் சட்டமும் இதை விலக்குகிறது: 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. காப்புக்காட்டில் தீ வைப்பது மட்டுமல்ல, ஆபத்தாகும்படி நெருப்பை அணைக்காமல் விட்டுப் போவதும் அதன்படி குற்றம்.