சுமை இறக்க ஒரு சாவடி

மறதி நோய் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. நினைவு, மொழி, கணக்கு, வழி அறிதல், நிதானித்து முடிவெடுத்தல் ஆகிய திறன்களில் சில சேர்ந்தாற்போல் தேய்ந்து, அன்றாட வேலைகளைத் தானாகச் செய்ய இயலாத நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால் அதை மருத்துவர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அந்நிலைக்குக் கொண்டுபோகும் காரணங்கள் பல. அவற்றுள் முதலிடம் அல்சைமர் நோய்க்கு. மறதி நோயாளிகள் நூறு பேரில் 60 முதல் 70 பேர் வரை அதனால் பாதிக்கப்பட்டவர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது அடுத்தது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் மிகுந்த நம் நாட்டில் இந்த இருவகை மறதி நோயும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

தமிழுக்கு இந்த நிலை புதிதல்ல. “வயசானா புத்தி தடுமாறத்தான் செய்யும்” என்பது இங்கே வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. ஈழத்தில் “அறளை பெயர்ந்துவிட்டது” என்பார்கள். இந்தச் சொற்கள் நோயைக் கண்டன, ஆனால் நோயென்று கருதவில்லை. நரை, திரை போல முதுமையோடு வருவதாக எடுத்துக்கொண்டன. மருத்துவரிடம் போவதில் ஏற்படும் முதல் தாமதம் அங்கே தொடங்குகிறது.

முதுமையின் மறதியையும் நோயின் மறதியையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உதவும். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி. அதை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, மருமகள் ஒளித்துவிட்டாள் என்று சண்டை பிடிப்பது நோயின் அறிகுறியாக இருக்கலாம். சாம்பாரில் உப்புப் போட மறப்பது யாருக்கும் நேரும். நாற்பது ஆண்டுகளாக வைத்த சாம்பாரில் எதை முதலில் போடுவது என்று தெரியாமல் அடுப்பின் முன் நிற்பது வேறு. கேட்ட கேள்வியையே ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, கொடுத்த பணத்துக்குச் சில்லறை எண்ணத் தெரியாமல் போவது, பழகிய தெருவில் வழி தவறுவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

வழி தவறுவதைப் புரிந்துகொள்ள, சென்னையின் மேற்கு எல்லையிலுள்ள குமணன்சாவடி நல்ல இடம். பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பழைய சாலையில், மாங்காடு, குன்றத்தூர் சாலை பிரியும் முனை அது. அந்தச் சாலையின் நடுவே இன்று மெட்ரோ ரயிலின் தூண்களும் மேம்பாலமும் நிற்கின்றன. ஊர் அடையாளங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளும்போது, நலமான மூளை பழைய படத்தோடு புதிய படத்தையும் எழுதிக்கொள்கிறது. அல்சைமர் முதலில் பறிப்பது இந்தப் புதிதாக எழுதும் திறனைத்தான். நாற்பது வருடத்துக்கு முந்தைய குமணன்சாவடி மனத்தில் அப்படியே இருக்கும். கண்ணெதிரே இருப்பது பதியாது. அப்படிப்பட்ட ஒருவர் தன் தெருமுனையிலேயே நின்று “இது எந்த ஊர்?” என்று கேட்டால் அது பொய்யும் அல்ல, பிடிவாதமும் அல்ல. அவருக்குத் தெரிந்த ஊர் அங்கே இல்லை.

இந்த நோயை முதலில் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். 1901-ல் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல விடுதியில் சேர்க்கப்பட்ட, ஐம்பது வயதைக் கடந்த அகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணை அவர் கவனித்துவந்தார். 1906-ல் அந்தப் பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் கண்டதை அறிவித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே, பின்னாளில் அமிலாய்டு என்று அறியப்பட்ட புரதப் படிவுகள். அணுக்களுக்குள்ளே, டாவ் என்ற புரதத்தால் ஆனவை என்று பின்னாளில் அறியப்பட்ட முடிச்சுகள். 1910-ல் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

இந்தப் படிவுகள் அறிகுறி தோன்றுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே சேரத் தொடங்குகின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் முதலில் அடிபடுகின்றன. அதனால்தான் காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவர், பள்ளிக்கூடத்தில் உடன் படித்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். பிறகு மொழியும் தீர்மானிக்கும் திறனும் தேய்கின்றன. கடைசியில் நடப்பதும் விழுங்குவதும் தடைபடுகின்றன. கை பழகிய வேலைகள் மட்டும் நெடுங்காலம் நிற்கின்றன. பேத்தியின் பெயரை மறந்த பாட்டியின் விரல்கள் புள்ளி வைத்துக் கோலம் போடலாம், பூக் கட்டலாம்.

இந்தியாவில் இதை எண்ணிப் பார்க்கும் முயற்சியில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1990-களில் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் முதியவர்களிடையே ஆய்வு நடந்தது. உலக மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்ற குறையையே பெயராக வைத்துக்கொண்ட ‘10/66’ ஆய்வுக் குழுவின் களங்களில் சென்னையும் வேலூரும் இடம்பெற்றன. 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம்.

மறதி என்றவுடன் அல்சைமர் என்று முடிவுகட்டுவதும் தவறு. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்லக் கசியும் இரத்தம், சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால், சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ காரணமாக இருக்கலாம். அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. இரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், கேள்வி பதில் முறையிலான நினைவுச் சோதனை ஆகிய மூன்றையும் சேர்த்தே நோய் தீர்மானிக்கப்படுகிறது. வீட்டார் சொல்லும் விவரத்துக்கு இவற்றுக்குச் சமமான இடம் உண்டு. பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லிவிட்டு அதை மறதிக் கணக்கில் சேர்க்க முடியாது.

அல்சைமரைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்றவை சிலருக்குச் சிறிது காலம் அறிகுறிகளைத் தணிக்கின்றன. அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா முழு அனுமதி அளித்தது. நோயின் தொடக்க நிலையில் மட்டுமே அதைத் தரலாம். அது தேய்மானத்தின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது, நிறுத்துவதில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. எனவே இந்த நோயில் சிகிச்சையின் பெரும்பகுதி மருந்துச் சீட்டில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

வீட்டில் எழும் முதல் கேள்வி அறத்தைப் பற்றியது. பத்தாண்டுக்கு முன் இறந்த கணவரைப் பற்றி, “அவர் இன்னும் வரலியா?” என்று ஒரு தாய் மாலைதோறும் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் அழுகிறார்; மறுநாள் மறுபடி கேட்கிறார். உண்மை சொல்வது கடமை என்றால், ஒரே சாவை நாள்தோறும் அறிவிப்பதும் கடமையா?

இதற்கு விடை தேட ஓர் ஆய்வு உதவுகிறது. 2014-ல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் காட்டினார்கள். சிறிது நேரத்தில் படத்தில் என்ன வந்தது என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. சிலருக்குப் படம் பார்த்ததே நினைவில்லை. ஆனால் படம் எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் அதன்பின்னும் நீடித்தன. செய்தி போய்விடுகிறது, அது விட்டுச்சென்ற உணர்வு தங்குகிறது. ஆகவே அந்தத் தாய்க்குத் தேவைப்படுவது தேதியும் தகவலும் அல்ல. “அப்பாவை நெனச்சுக்கிட்டீங்களா அம்மா? அவருக்கு என்ன பிடிக்கும்?” என்று பேச்சைத் திருப்புவது பொய்யும் ஆகாது, கொடுமையும் ஆகாது. கேள்விக்குப் பின்னாலிருக்கும் ஏக்கத்துக்கு அது பதில்.

மற்ற நெருக்கடிகளுக்கும் இதே நெறி பொருந்தும். “பீரோ சாவியை எடுத்துட்டா”, “எனக்குச் சோறே போடல” என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வது பழி அல்ல. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை ஒரு கதையால் அடைக்கிறது. வாதாடி வெல்ல முடியாது, சேர்ந்து தேடலாம். பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடி, சொந்த வீட்டிலேயே “எங்க வீட்டுக்குப் போகணும்” என்று கிளம்புவார்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, அந்த நேரத்தில் பழைய பாட்டு வைப்பது, கூடவே தெருவரை நடந்து திரும்புவது ஆகியவை உதவும். குளிக்க மறுத்தால் அரை மணி கழித்து வேறு விதமாகக் கூப்பிட்டுப் பார்க்கலாம். கேள்விகளைச் சுருக்க வேண்டும்: “என்ன சாப்பிடுறீங்க?” என்பதைவிட “இட்லியா, தோசையா?” என்பது எளிது. கேஸ் ரெகுலேட்டரை மூடிவைப்பது, குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றுவது, சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை வைப்பது, தெருமுனைக் கடைக்காரரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் விஷயத்தைச் சொல்லிவைப்பது ஆகியவை பெரிய செலவில்லாத காப்புகள். நோயை மறைக்கும் வீட்டுக்கு இவற்றுள் கடைசிக் காப்பு கிடைக்காது.

“சின்னப்பிள்ளை மாதிரி ஆயிட்டாங்க” என்ற அன்பான பேச்சிலும் ஒரு பிழை உண்டு. குழந்தை நாளுக்கு நாள் கற்கிறது; இவர் நாளுக்கு நாள் இழக்கிறார், இழப்பது சிலவேளை அவருக்கே தெரிகிறது. பிறர் முன்னால் அதட்டப்படும் அவமானமும் அவருக்குள் தங்கும். பெயர் மறந்தவருக்கும் மரியாதை மறப்பதில்லை.

இவ்வளவையும் பெரும்பாலும் ஒருவரே செய்கிறார்: மனைவி, மகள் அல்லது மருமகள். பகலில் ஓயாத கேள்விகள், இரவில் உறக்கமின்மை, விட்டுப்போன வேலை, வெளியூரிலிருந்து தொலைபேசியில் வரும் உறவினர் அறிவுரை. பராமரிப்பவர்களிடம் மனச்சோர்வு மிகுதி என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பொறுமை இழந்து கத்துவதும், பிறகு குற்றவுணர்வில் அழுவதும் குணக்கேடு அல்ல, களைப்பு.

இங்கே குமணன்சாவடி என்ற ஊர்ப் பெயரே ஒரு வழியை நினைவூட்டுகிறது. பூந்தமல்லியைச் சுற்றிக் குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று சாவடிகள் பல. சாவடி என்பது வழிநடையாய்ப் போனவர்கள் தங்கி இளைப்பாறிய இடம். அக்காலச் சாலைகளில் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல்லும் நட்டார்கள். அந்தக் கல் சுமையை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை; சுமப்பவரைச் சற்று நிமிர வைக்கிறது. மறதி நோய் உள்ள வீடு கேட்பதும் அதைத்தான்: வாரத்தில் ஒரு நாள் அண்ணன் வந்து உட்காருவது, மாதத்தில் சில நாள் தங்கை அழைத்துப்போவது, பகல்நேரக் காப்பகம்.

அத்தகைய இடங்கள் குறைவென்றாலும் இல்லாமல் இல்லை. முதியோர் மருத்துவத்துக்கென இந்தியாவின் முதல் துறை, மருத்துவர் வி.எஸ். நடராஜனின் முயற்சியால் 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் திறக்கப்பட்டது. அண்ணா நகர் மேற்கு விரிவிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் மறதி நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் சேவை அளிப்பதோடு, குழுவாக அமர்ந்து பேசியும் விளையாடியும் அறிவைத் தூண்டும் பயிற்சியைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப வடிவமைத்தது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

சட்ட ஏற்பாடுகளைத் தொடக்க நிலையிலேயே செய்துகொள்ள வேண்டும். உயில் எழுதத் தெளிந்த மனம் வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் கொடுத்தவரின் சித்தம் பிறழ்ந்துவிட்டால் அவர் எழுதிக்கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும் செல்லாது. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை அவர் கருத்தைக் கேட்டு முடிவுசெய்ய, அவர் கருத்துச் சொல்லக்கூடிய காலமே தகுந்த காலம். பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவர் முதியோரைக் கைவிடுவது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம்.

வருமுன் காக்கவும் ஓரளவு வழி உண்டு. கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, உடலுழைப்பின்மை, தனிமை, காற்று மாசு உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு வரை மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கூறியது. காது மெஷினும் கண்புரை அறுவையும் முதியவருக்குச் செய்யும் வீண்செலவு அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நோயாளியின் நினைவை எந்த வீட்டாலும் மீட்டுத்தர முடியாது. பராமரிப்பவரின் சுமையில் ஒரு பகல், ஓர் இரவு என்று பங்கெடுக்க எந்த உறவினராலும் முடியும். அப்படி ஒரு வீடு தெரிந்திருந்தால் “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வருவது போதாது. எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டு, அந்தக் கிழமையில் போய்விட வேண்டும்.