பிள்ளைகளின் கவனம் யாருக்குரியது?

ஒரு நிறுவனத்தின் பணத்தை யாரேனும் நாள்தோறும் சிறிது சிறிதாக எடுத்து வந்தால், ஆண்டிறுதிக் கணக்காய்வில் அது வெளியே வந்துவிடும். ஒரு பிள்ளையின் கவனம் அவ்வாறு எடுக்கப்படும்போது எந்தப் பேரேட்டிலும் அது பதியப்படுவதில்லை. பரீட்சை முடிவு வரும்போதோ, பிள்ளை வீட்டில் எவருடனும் பேசாமல் ஒதுங்கும்போதோதான் எமக்குத் தெரிய வருகிறது.

நாம் வாழும் அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10ஆம் திகதி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 16 வயதுக்குக் குறைந்தோர் முகநூல், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், ஸ்னாப்சற், யூரியூப் முதலான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க அந்நிறுவனங்கள் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறினால் 4 கோடியே 95 இலட்சம் டொலர் வரை தண்டம். பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ தண்டனை எதுவுமில்லை. இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோர் சிலர் நிம்மதி அடைந்துள்ளனர். அந்த நிம்மதி சரியானதா என்பதே எமது கேள்வி.

கைத்தொலைபேசியைப் பழித்துப் பேசுவது எமக்கு எளிதன்று. ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். இன்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவின் முகத்தைப் பேரப்பிள்ளை ஞாயிறுதோறும் காண்கிறது என்றால், அதற்கு இந்தக் கருவியே காரணம். ஆனால் அம்மம்மாவின் பேச்சுக்கு ஒரு முடிவு உண்டு. "சரி ராசா, போய்ப் படி" என்று அவரே முடித்து வைப்பார். சமூக வலைத்தளம் அப்படிச் சொல்வதில்லை. ஒரு காணொளி முடியுமுன்பே அடுத்தது வந்து நிற்கும். பிள்ளை அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு விளம்பர வருமானம். எம்மீது அன்புடையவர்கள் எமது நன்மைக்காக எம்மைப் போகவும் விடுவார்கள். இந்த ஒன்றைக் கொண்டே இரண்டையும் பிரித்தறியலாம்.

முதலில் கல்வியைப் பார்ப்போம். ஒரு மாணவர் நாளுக்கு 3 மணித்தியாலம் இதில் செலவிட்டால் ஆண்டுக்கு 1,095 மணித்தியாலம். இரவும் பகலும் சேர்ந்த 45 நாட்களுக்கு மேல். வாரம் 3 மணித்தியாலமாக 40 வாரங்கள் தமிழ்ப் பாடசாலைக்குச் சென்றால் 120 மணித்தியாலமே. நேரத்தைவிடப் பெரிய இழப்பு, விடை வராத கணக்கோடு அரைமணி நேரம் பொறுமையாக இருந்து பார்க்கும் பழக்கம். அப்பழக்கம் இல்லாமல் எந்தத் துறையிலும் முன்னேற முடியாது.

அடுத்தது இரக்கம். கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆறாம் வகுப்பு மாணவர் சுமார் 50 பேர் திரை எதுவுமின்றி ஐந்து நாட்கள் இயற்கை முகாம் ஒன்றில் தங்கினர். பிறர் முகத்தைப் பார்த்து அவர்கள் மனநிலையை அறியும் திறன், வழமைபோல் திரையோடு இருந்த மாணவர்களைவிட அவர்களிடம் அதிகம் முன்னேறியிருந்தது. நண்பனைக் கேலி செய்யும் பிள்ளை அவன் முகம் வாடுவதைக் கண்டால் நிறுத்திக்கொள்ளும். திரையில் எழுதும்போது அந்த முகம் தெரிவதில்லை.

மனநலமும் அவ்வாறே. நாளுக்கு 3 மணித்தியாலத்திற்கு மேல் சமூக வலைத்தளங்களில் கழிக்கும் இளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதகளிப்பு போன்றவற்றின் ஆபத்து இருமடங்காகக் காணப்படுவதாக 2023இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி எச்சரித்தார். இதில் காரணம் எது, விளைவு எது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கின்றனர். ஆயினும் பிறரது சிறந்த நாட்களோடு தனது சாதாரண நாளை ஒப்பிட்டு வாடும் பிள்ளையை அறிய எமக்கு ஆய்வு தேவையில்லை.

சட்டம் கணக்கைத்தான் மூடும். கணக்கின்றி யூரியூப் பார்க்க இன்றும் தடையில்லை. 16ஆவது பிறந்தநாளன்று சட்டமும் கையை எடுத்துவிடும். அன்று முதல் தன் கவனத்தைத் தானே காக்கப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்பிப்பது யார்? ஆலயத்தில் தீபாராதனை வேளையில் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருப்போரில் அநேகர் பெரியவர்களே. பார்த்துப் பழகுவதே பிள்ளைகளின் இயல்பு.

அன்பான பெற்றோர்களே, மூடிய கணக்கால் மிஞ்சும் மணித்தியாலங்களை வெறுமையாக விட்டால் வேறொன்று வந்து நிரப்பிவிடும். இரவுச் சாப்பாட்டு வேளையிலாவது வீட்டிலுள்ள எல்லோருடைய கைத்தொலைபேசியும் வேறு அறையில் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பிள்ளை சொல்லும்போது, குறுக்கிடாமல் முகம் பார்த்துக் கேட்போம். தன்னைக் கவனித்துக் கேட்டவர்களிடமிருந்தே ஒரு பிள்ளை பிறரைக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறது. சட்டத்தால் தர முடியாத இதைத் தர வேண்டியவர்கள் நாமே.