எழுதியவர் பெயரோடு சேமியுங்கள்

பெண்ணாடம் தூங்கானைமாடக் கோயிலைச் சம்பந்தரும் பாடினார், அப்பரும் பாடினார். சம்பந்தர் தம் பதிகத்தின் கடைசிப் பாட்டில் பெயரைப் பொதிந்து வைப்பது வழக்கம். அப்பர் அப்படி வைப்பதில்லை. ஆனாலும் இரண்டும் கலந்துபோகவில்லை. தில்லையில் கிடைத்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி வகுத்தபோது முதல் மூன்று திருமுறைகள் சம்பந்தருக்கு, அடுத்த மூன்று அப்பருக்கு, ஏழாவது சுந்தரருக்கு என்று அமைந்தன. குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில் பெயர் தெரியாத புலவரைக்கூட விட்டுவிடவில்லை. பாட்டில் வரும் தொடரையே பெயராக்கி 'செம்புலப்பெயனீரார்' என்றார்கள். தொகுப்பவரின் முதல் கடமை அதுதான்.

இன்று நம் பிள்ளைகள் தொகுப்பது நிரல் துணுக்குகளை. தேதியை மாற்ற நாலு வரி, பட்டியலை வரிசைப்படுத்த ஆறு வரி என்று கோப்பில் சேர்த்து நண்பர்களுக்கும் அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் எழுதியவர் பெயர் முதல் நகலிலேயே உதிர்ந்துவிடுகிறது. எம்ஐடி உரிமம் கேட்பதே பதிப்புரிமைக் குறிப்பையும் உரிமத்தையும் நகலோடு வைத்திருங்கள் என்பதைத்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்களுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் பெயர் சொல்லச் சொல்கிறது. பிழை வந்தால் யாரிடம் கேட்பது, திருத்திய வடிவம் எங்கே இருக்கிறது என்பதும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

துணுக்கின் தலையில் ஒரு கருத்து வரி போதும்: எழுதியவர், எடுத்த இடம், தேதி, உரிமம். நீங்கள் மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த துணுக்கைச் சேமிக்கும்போதே தொடங்குங்கள்.