பயம் வந்தால் ஈமான் போய்விட்டதா?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இந்த ஸஃப்புகளில் அமர்ந்திருப்பவர்களில் நேற்றிரவு தூக்கம் வராமல் புரண்டவர்கள் எத்தனை பேர் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஒருவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வர வேண்டும். ஒருவருக்குக் கடன் தவணை நெருங்குகிறது. இன்னொருவருக்கு, வேலை நிலைக்குமா என்ற கவலை. பலர் இதை வெளியே சொல்வதே இல்லை. பயப்படுகிறேன் என்றால் ஈமான் பலவீனமானவன் என்று நினைத்துவிடுவார்களே என்று மனதுக்குள் புதைத்து விடுகிறார்கள்.

ஆனால் மனிதன் பதறும் இயல்போடுதான் படைக்கப்பட்டிருக்கிறான் என்கிறது குர்ஆன் (70:19, 20). ஓரளவு பயத்தாலும் பசியாலும் நம்மைச் சோதிப்பதாக அல்லாஹ் முன்கூட்டியே அறிவித்து விட்டான் (2:155). அந்த வசனத்தில் பசிக்கும் முன்பாகப் பயம்தான் சொல்லப்படுகிறது. பசிப்பதை யாரும் குற்றம் என்பதில்லை, பயமும் அப்படித்தான். பயம் வந்தபின் நாம் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பதில்தான் சோதனை இருக்கிறது.

நபி மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். அல்லாஹ் நேரடியாகப் பேசிய நபி அவர்கள். அவர்களின் பயத்தைக் குர்ஆன் மறைக்கவில்லை.

தம்மைக் கொல்லத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் பயந்து, சுற்றுமுற்றும் பார்த்தபடியே ஊரை விட்டு வெளியேறினார்கள். அப்போதும் நாவில் துஆ இருந்தது, கால்கள் நடந்துகொண்டிருந்தன (28:21). மத்யனை அடைந்து, அங்கிருந்த ஒரு பெரியவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்கள். முழுவதையும் கேட்ட பிறகு அவர், அநியாயக்காரர்களிடமிருந்து தப்பிவிட்டாய், பயப்படாதே என்று ஆறுதல் கூறினார் (28:25).

பிறகு தூர் மலைப் பக்கம். கைத்தடி பாம்பாக நெளிந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள் (28:31). அல்லாஹ் திரும்ப அழைத்து, பயப்படாமல் அதைக் கையில் பிடிக்கச் சொன்னான் (20:21). எதைக் கண்டு ஓடினார்களோ, அதையே பிடிக்கும்படி கட்டளை! பிடித்தார்கள், அது மீண்டும் தடியானது.

ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோது, என்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயப்படுகிறேன், என் சகோதரர் ஹாரூனைத் துணைக்குத் தா என்று கேட்டார்கள் (28:33, 34). அல்லாஹ் கடிந்துகொள்ளவில்லை. கேட்ட துணையைக் கொடுத்தான். நான் உங்கள் இருவருடனும் இருக்கிறேன், கேட்கிறேன், பார்க்கிறேன் என்ற வாக்குறுதியையும் தந்தான் (20:46).

இத்தனைக்குப் பிறகும் சூனியக்காரர்களின் முன்னால் அவர்கள் உள்ளத்தில் பயம் எழுந்தது (20:67). அப்போதும், வலது கையில் இருப்பதைப் போடு என்றுதான் உத்தரவு வந்தது (20:69). பயம் தெளியட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

இப்படிப் பழகிய உள்ளம்தான் பின்னொரு நாள் முன்னால் கடலும் பின்னால் படையும் நிற்க, அகப்பட்டுக்கொண்டோம் என்று சமுதாயமே கதறியபோது, ஒருபோதும் இல்லை, என் இறைவன் என்னோடு இருக்கிறான் என்று சொன்னது (26:61, 62).

அன்புச் சகோதரர்களே! இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, பயத்தை அல்லாஹ்விடம் பெயர் சொல்லி முறையிடுங்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கோழைத்தனத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்து வந்தார்கள் (புகாரி).

இரண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் மனம் திறந்து பேசுங்கள். முதல் வஹீ வந்த அன்று நடுக்கத்தோடு வீடு திரும்பிய நபி (ஸல்) அவர்கள், தமக்கு ஏற்பட்ட பயத்தை அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அன்னையவர்கள் ஏளனம் செய்யவில்லை. கணவரின் நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள் (புகாரி). நம் வீட்டில் மனைவியோ மகனோ பயமாக இருக்கிறது என்றால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? பயம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்யச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். அது தவக்குலுக்கு முரணாகாது.

மூன்று, கையில் இருக்கும் அடுத்த காரியத்தைச் செய்யுங்கள். ரிப்போர்ட்டைப் போய் வாங்குங்கள். கடன் கொடுத்தவரின் போனை எடுத்து, அவகாசம் கேளுங்கள். முடிவு அல்லாஹ்வின் கையில்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களிலுள்ள பயத்தை அமைதியாக மாற்றுவாயாக! பயத்தோடு இருப்பவர்களுக்கு எங்களை ஆறுதலாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.