மூடிமேல் நெருப்பு



அரையாண்டு விடுமுறை வந்தால் பல வீடுகளில் ஒரு கோரிக்கை எழும். பிள்ளை கைப்பேசியில் கேக் செய்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைச் செஞ்சு தாங்கம்மா" என்று வந்து நிற்கும். அந்த வீடியோ எடுத்த எடுப்பிலேயே ஓவனை 180 டிகிரிக்குச் சூடுபண்ணி வைக்கச் சொல்லும். "நம்ம வீட்டுல ஓவன் இல்லடா கண்ணு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஓவன் உள்ள வீடுகளிலும் பாதிக்குப் பாதி இதே கதைதான். கல்யாணப் பரிசாக வந்த ஓடிஜி சூடேறுவதை நிறுத்தியிருக்கும், பழுதுபார்க்க ஆள் கிடைத்திருக்காது, அதன் தலையில் பழைய நாளிதழ்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அந்த "இல்லை" கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்கிற இல்லை என்பது என் கட்சி.

ஓவன் என்னதான் செய்கிறது? ஒரு பெட்டிக்குள் காய்ந்த சூட்டை அடைத்து, பண்டத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே சீராகச் சுற்றிப் பிடிக்கிறது. அவ்வளவுதான். நம் அடுப்போ கீழேயிருந்து மட்டும் எரிகிறது. அதில் கேக் மாவை அப்படியே வைத்தால் அடி கருகும், நடு களியாக நிற்கும், மேலே பச்சை மாவு. ஆகவே இரண்டே இரண்டு காரியம் நடந்தால் போதும். கீழ்ச் சூட்டைத் தணிக்க வேண்டும், மேலே கொஞ்சம் சூட்டைக் கொண்டுவர வேண்டும்.

இது நம் பக்கத்துச் சமையலுக்குப் புதிய வித்தையா? கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் தம் அடை என்று ஒரு பலகாரம் உண்டு. ரவை, முட்டை, சர்க்கரை, நெய் எல்லாம் சேர்த்துச் செய்வது. கலவையைச் சட்டியில் ஊற்றி, மெல்லிய தணலில் வைத்து, மூடிமேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். கொட்டாங்குச்சித் தணல் என்றால் விசேஷம். சடசடவென்று எரியாது, நின்று கனலும். சட்டியைத் திறக்கும்போது மேல்புறம் பொன்னிறமாகச் சிவந்து, ஓரம் லேசாக மொறுமொறுப்பாக, உள்ளே மெத்தென்று இருக்கும். கேக் என்று பெயர் சூட்டாததால் அது கேக் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆம்பூர்ப் பிரியாணிக்குத் தம் போடுகிறவரும் இதைத்தானே செய்கிறார்? சீரகச் சம்பா முக்கால் பதம் வெந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, தேக்சாவின் மூடிமேல் கங்கை வாரிப் பரப்புகிறார். மேல்நெருப்பு தெரிந்த ஊருக்கு ஓவன் இல்லை என்ற குறை எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கேஸ் அடுப்பில் தணலுக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். அங்கேதான் மணல் வருகிறது. கடலை வறுக்கிற தள்ளுவண்டிக்காரரைப் பாருங்கள். இரும்புச் சட்டி நிறைய மணல், அதற்குள் கடலை. மணல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் பிரித்துக் கொடுக்கிறது, அதனால் கடலை ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்பதில்லை. வீட்டில் கேக்குக்கும் அதே மணல்தான். அடிகனமான ஒரு பழைய பாத்திரத்தில், கழுவிக் காயவைத்த மணலை ஓர் அங்குலம் பரப்புங்கள். அதன்மேல் ஒரு ஸ்டாண்டு. இறுக்கமான மூடி போட்டு, மிதமான தீயில் பத்து நிமிடம் காயட்டும். ஓவனை முன்கூட்டிச் சூடாக்கச் சொன்னார்களே, அது இதுதான்.

குக்கரிலேயே செய்கிறவர்களும் உண்டு. ரப்பரையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், உள்ளே தண்ணீர் கூடாது. ஆனாலும் தினமும் பருப்பு வேகவைக்கிற நல்ல குக்கரை இதற்குப் பலிகொடுக்காதீர்கள். தண்ணீரில்லாமல் நெடுநேரம் காய்ந்தால் உலோகம் வலுவிழக்கும், அப்புறம் அதே குக்கரை நம்பி விசில் விட முடியாது. பழைய குண்டாவே மேல். நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

மாவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், முட்டை இல்லாதது. ஒன்றரை கப் மைதா, ஒரு கப் பொடித்த சர்க்கரை, ஒரு கப் கெட்டித் தயிர், அரை கப் வாசனையில்லாத எண்ணெய், ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா. தயிரின் புளிப்பும் சோடாவும் சந்தித்தவுடன் நுரை கிளம்பும். அந்த நுரைதான் கேக்கைத் தூக்குகிறது, அது அடங்குவதற்குள் மாவு அடுப்புக்குப் போயாக வேண்டும். கலக்கி வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால் வருவது கேக் அல்ல, அடை. எண்ணெய் தடவிய டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டினால் ஆவித்துளி மாவின்மேல் சொட்டாது. துணியின் நுனிகளை மேலே இழுத்து முடிச்சுப் போடுங்கள், தீப்பக்கம் தொங்கக் கூடாது.

பிறகு டப்பாவைக் காய்ந்த பாத்திரத்துக்குள் ஸ்டாண்டின்மேல் வைத்து மூடி, தீயைச் சிம்மில் வையுங்கள். முதல் கால் மணி நேரம் எதுவும் நடக்காதது போலத்தான் இருக்கும். அரை மணி ஆகும்போது வாசனை கூடத்துக்கு வரும், பிள்ளைகளும் அடுப்படிக்கு வருவார்கள். அப்போதும் திறக்கக் கூடாது, திறந்தால் நடு அமுங்கும். முக்கால் மணிக்கு மேல் திறந்து, ஓர் ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஓரம் டப்பாவை விட்டு நூலளவு விலகியிருக்கும், அதுவும் ஓர் அடையாளம்.

மேல்புறம் மட்டும் வெளிறிப்போய் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. ரொட்டியும் கேக்கும் வறுத்த கறியும் சிவப்பது, புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடுவதால். 1912-இல் பிரெஞ்சு அறிவியலர் லூயி கமீல் மையார் இதை விளக்கி எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சிவப்பு நன்றாக ஏற 140 டிகிரியை ஒட்டிய காய்ந்த சூடு வேண்டும். ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடும். இட்லி எத்தனை மணி நேரம் வெந்தாலும் வெள்ளையாகவே இருப்பது அதனால்தான். வெயிட் போட்ட குக்கருக்குள்ளும் 120 டிகிரியைச் சுற்றித்தான். மூடிய பாத்திரத்தில் கேக்கின் மேலே நிற்பதும் பெரும்பாலும் ஈரக்காற்றுதான். நிறம் வேண்டுமானால், கேக்கை நெய் தடவிய தோசைக்கல்லில் கவிழ்த்து இரண்டு நிமிடம் வையுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கி, வெந்நீர் விட்டுக் கரைத்து, ஆறியபின் மாவிலேயே சேர்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கின் கருஞ்சிவப்பு பாதி இந்தக் கருக்கிய சர்க்கரை கொடுத்ததுதான்.

நிறமே வேண்டாம் என்கிற பண்டங்களும் இருக்கின்றன. தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் ஏலமும் கலந்து ஆவியில் வைக்கிற வட்டலப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் நோன்புப் பெருநாளுக்கு அது இல்லாத முஸ்லிம் வீடு அபூர்வம். கேரமல் புட்டிங்கும் அந்த இனம்தான், டிபன் டப்பாவில் ஊற்றி இட்லிப் பானைக்குள் வைத்தால் ஆயிற்று. இன்னொரு பக்கம் பணியாரக் கல். ஒவ்வொரு குழியும் மாவை அடியிலும் சுற்றிலும் பிடித்துக்கொள்கிறது, கம்பியால் திருப்பிவிட்டால் மிச்சமிருக்கும் மேல்பக்கமும் சிவக்கிறது. டென்மார்க்காரர்கள் ஏறக்குறைய இதே குழிச்சட்டியில் ஏப்லஸ்கிவர் என்ற இனிப்பு உருண்டையைக் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிறார்கள். நம் செட்டிநாட்டு ஆச்சி பார்த்தால் உரிமை கொண்டாடுவார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் ஒரு வழி உண்டு. ஒரு கிலோ முழுக்கோழியில் இஞ்சி, பூண்டு, மிளகு, தயிர் தடவி ஊறவிட்டு, அடிகனமான சட்டியில் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சிவக்க விடுங்கள். சிவக்கிற வேலை முதலிலேயே முடிந்துவிட்டது, இனி வேகிற வேலை மட்டும்தான். சின்ன வெங்காயம் ஒரு கை, தண்ணீர் அரை டம்ளர், மூடி, சிம். ஒரு மணி நேரத்தில் தொடைச்சந்தில் குத்தினால் தெளிந்த சாறு வரும். இளஞ்சிவப்பாக வந்தால் இன்னும் வேக வேண்டும். கடைசியில் மூடியைத் திறந்துவைத்து, சாறு சுண்டி ஒட்டும் வரை புரட்டினால் போதும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓவன் தருகிற பெரிய வசதி ருசி அல்ல, ஓய்வு. உள்ளே வைத்து முள்ளைத் திருப்பிவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். அடுப்பில் என்றால் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், தீயைப் பார்க்க வேண்டும், பாத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான் என்றால், "ஓவன் இல்லாமலே செய்யலாம்" என்று வானொலியில் பேசுவது அவர் தலையில் இன்னொரு மணி நேரத்தை ஏற்றுவதாகும். கீழக்கரையில் தொதல் கிண்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் மணிக்கணக்கில் கிண்டக் கிண்டத்தான் திரளும், ஒரு கை ஓய்ந்தால் மறு கை கரண்டியை வாங்க வேண்டும். ஆகவே கேக் கேட்ட பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கிற வேலை. மாவு சலிப்பதும், மணல் ஆறியபின் எடுத்து வைப்பதும், டப்பா கழுவுவதும் அப்பாவுக்கு. "நான் சாப்பிட மட்டும் வர்றேன்" என்கிற ஆளுக்கு ஓரத்துண்டு மட்டும் கொடுங்கள்.

எதையும் அடுப்பில் செய்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பஃப்ஸுக்கு வீட்டில் வழியில்லை. மாவுக்கும் கொழுப்புக்கும் இடையே இருக்கிற ஈரம் ஒரே மூச்சில் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்க வேண்டும், அதற்கு 200 டிகிரி காய்ந்த சூடு சுற்றிலும் தேவை. மணல் சட்டி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதைப் பேக்கரிக்காரரிடமே விட்டுவிடலாம். கொல்கத்தாவின் தால்தலா பகுதியில் கிறிஸ்துமஸ் சமயம் மக்கள் வீட்டில் கலக்கிய கேக் மாவைச் சிறிய பேக்கரிகளுக்குக் கொண்டுபோய், அங்குள்ள விறகு அடுப்பில் சுட்டு வாங்கி வருகிறார்கள். உங்கள் தெருமுனையில் விறகு அடுப்பு பேக்கரி இருந்தால், ரொட்டி எடுத்தபின் அடுப்பு நெடுநேரம் சூடாறாமல்தான் இருக்கும். ஒரு டப்பாவை வைத்துத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால், சூடாக இரண்டு முட்டை பஃப்ஸ் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.