சாட்சியற்ற பிழையும் தண்டமும்

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்ற அளவிலே மதிப்பதே உலக வழக்காகும். ஆயினும் ஒழுக்கவியலின் வினாக்கள் சில, நூல்களிலும் பார்க்க ஆடுகளத்தில் தெளிவாகத் தோன்றுவதுண்டு. எவரும் காணாத பிழை பிழையாகுமா? கருதிச் செய்யாத செயலுக்கு ஒருவர் பொறுப்பாவாரா? விதியே குறையுடையதாயின் அதற்கு அடங்கி நடத்தல் அறமாகுமா? இம்மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் விளையாட்டு கோல்ப் ஆகும்.

துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் பிழையைக் கண்டறிதல் மத்தியஸ்தரின் கடமை. பந்து தன் துடுப்பிற் பட்டதை அறிந்தும், மத்தியஸ்தரின் விரல் உயரும்வரை ஆடுகளத்தை விட்டு நீங்காத துடுப்பாட்டக்காரரைப் பெரும்பாலானோர் பழிப்பதில்லை. கோல்ப்பின் நிலை வேறு. நுவரெலியாவிலும் கொழும்பிலும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அமைந்த கோல்ப் திடல்களைக் கண்டோர் இவ்விளையாட்டின் பரப்பை அறிவர். மேடுகளுக்கும் மரங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் இடையே பதினெட்டுக் குழிகள் சிதறிக் கிடக்கும். மிகக் குறைந்த அடிகளில் அவை அனைத்திலும் பந்தை இட்டு முடிப்பவரே வெற்றியாளர். ஒரே நேரத்திற் பலர் பல இடங்களில் ஆடுவதால் ஒவ்வொருவர் பின்னும் ஒரு மத்தியஸ்தரை நிறுத்துதல் இயலாது. எனவே விதியை மீறியவர் தாமே அதனை அறிவித்து, மீறலின் தன்மைக்கேற்ப ஓரடியையோ இரண்டடியையோ தம் கணக்கிற் கூட்டிக்கொள்ள வேண்டும். இதுவே தண்ட அடி எனப்படும். ஸ்கொத்லாந்தின் லீத் என்னுமிடத்தில் 1744ஆம் ஆண்டு எழுதப்பட்ட பதின்மூன்று விதிகள் இன்று ஒரு நூலாக விரிந்துள்ளன. எனினும் ஆடுபவரின் வாய்மையே இன்றும் அவ்விதிகளின் அத்திவாரமாகும்.

அமெரிக்கப் பகிரங்கப் போட்டி 1925ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் நடைபெற்றது. இருபத்துமூன்று வயதினரான பொபி ஜோன்ஸ், முதற் சுற்றின் பதினோராவது குழியருகே நெடும்புல்லில் நின்ற பந்தை அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்தது. அவ்வசைவைக் கண்டவர் அவர் ஒருவரே. அதிகாரிகள் வினவியபோதும் அதனைக் கண்டோம் என்று கூற எவருமில்லை. முடிவு அவரிடமே விடப்பட்டது. ஜோன்ஸ் தம் கணக்கில் ஓரடியைக் கூட்டிக்கொண்டார். நான்கு சுற்றுக்களின் முடிவில் அவரும் வில்லி மக்பாலனும் தலா 291 அடிகளுடன் சமநிலையில் நின்றனர். மறுநாள் நடந்த முதலாவது மேலதிகச் சுற்றும் சமநிலையில் முடிய, இரண்டாவதில் மக்பாலன் ஓரடியால் வென்றார். ஜோன்ஸ் தாமே கூட்டிய அந்த ஓரடி இல்லையெனின் மேலதிகச் சுற்றுக்கே இடமிருந்திராது, வெற்றி அவருடையதாகியிருக்கும். இந்நேர்மைக்காகத் தம்மைப் புகழ்ந்தோரை அவர் விரும்பவில்லை. வங்கியைக் கொள்ளையிடாமைக்காக ஒருவனைப் புகழ்வது போன்றதே இது என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார் என்பர்.

பிளேட்டோவின் குடியரசு நூலில், அணிபவரைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமற் செய்யும் மோதிரம் பற்றிய கதையொன்று வருகின்றது. அத்தகைய மோதிரம் கைக்கு வந்தால் நீதிமானும் அநீதி செய்வான் என்பதே அங்கு எழுப்பப்படும் வாதம். நெடும்புல்லிடையே தனித்து நின்ற ஜோன்ஸின் கையில் அம்மோதிரம் இருந்தது எனலாம். அவர் அதனை அணியவில்லை. ஆயினும் ஐயம் ஒன்று இவ்விடத்து எழும். காணாத பிழையை வெளியிடுபவர் காண்போரின் பாராட்டைப் பெறுகின்றார்; அங்ஙனமாயின் வாய்மைக்கும் ஒரு விலை கிடைத்துவிடுகின்றதன்றோ? வாடிக்கையாளரை இழக்க அஞ்சிச் சரியான விலைக்கு விற்கும் வணிகனின் செயல் கடமைக்கு இசைந்ததாயினும் கடமையின் பொருட்டுச் செய்யப்பட்டதன்று எனக் கான்ற் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிற் காட்டினார். புகழின் பொருட்டு உண்மை கூறுபவரும் அவ்வணிகனைப் போன்றவரே. ஜோன்ஸ் புகழை மறுத்தமை வெறும் அடக்கமன்று. தம் செயல் எவ்வகையைச் சார்ந்தது என்பதை அவர் சரியாக உணர்ந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்றாகும்.

அச்செயல் எவ்வகையைச் சார்ந்தது? தண்டம் என்னும் சொல் இங்கு மயக்கம் தருவதாகும். நீதிமன்றம் விதிக்கும் தண்டம் குற்றத்தின் பயன். குற்றத்திற்கோ கருத்து வேண்டும். கோல்ப்பின் தண்ட அடிக்குக் கருத்து வேண்டியதில்லை. பந்தை அசைக்க ஜோன்ஸ் கருதவில்லை. அசைந்ததால் அவர் அடைந்த நன்மையும் குறிப்பிடத்தக்கதன்று. எனவே தண்ட அடியைத் தண்டனை என்று கொள்வதினும் கணக்குத் திருத்தம் என்று கொள்வதே பொருந்தும். சுற்றுப்போட்டியில் ஆடும் ஒவ்வொருவரும், மற்றையோர் தத்தம் அடிகளைக் குறைவின்றி எண்ணுவர் என்ற நம்பிக்கையிலேயே தம் அடிகளை எண்ணுகின்றனர். ஓரடியை மறைப்பவர் விதிநூலுக்கு மட்டும் தீங்கிழைத்தவராகார். சரியாக எண்ணிய அத்தனை பேரின் உழைப்பிலிருந்தும் சிறிது சிறிதாகக் களவாடியவர் ஆவார். மறைத்த கணக்குக்கும் கொள்ளைக்கும் இடையிலான இவ்வொற்றுமையையே ஜோன்ஸின் விடை சுட்டுகின்றது. வாய்மை விதிக்குச் செலுத்தும் வணக்கமன்று, உடன் ஆடுவோர்க்குத் தீர்க்கும் கடன்.

இனி, விதியே கொடியதாகத் தோன்றும் இடத்தை நோக்குதல் வேண்டும். ஓகஸ்ராவில் 1968ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி முடிவடைந்த மாஸ்ரர்ஸ் போட்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆர்ஜென்ரீன வீரர் ரொபேர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று நாற்பத்தைந்தாவது பிறந்தநாள். பதினேழாவது குழியை அவர் மூன்று அடிகளில் முடித்ததைத் திரண்டிருந்த மக்களும் தொலைக்காட்சி பார்த்தோரும் கண்டனர். ஆனால் அவரது புள்ளியட்டையை நிரப்பிய உடனாட்டக்காரர் ரொமி ஆரன் நான்கு எனத் தவறாகக் குறித்துவிட்டார். டி விசென்சோ அதனைக் கவனியாது கையொப்பமிட்டார். உண்மையான எண்ணிக்கையிலும் குறைந்த எண்ணுக்குக் கையொப்பமிட்டவர் நீக்கப்படுவார். கூடிய எண்ணுக்குக் கையொப்பமிட்டவர்க்கு அவ்வெண்ணே நிலைக்கும் என்பது விதி. அறுபத்தைந்து அடிகளில் முடித்த சுற்று அறுபத்தாறாகவே கொள்ளப்பட்டது. பொப் கோல்பி 277 அடிகளுடன் வெற்றியாளரானார். டி விசென்சோவின் கணக்கு 278 ஆயிற்று. சமநிலையில் நின்று மறுநாள் மேலதிகச் சுற்றில் மோதியிருக்க வேண்டிய இருவருள் ஒருவர், ஆட்டத்தால் அன்றி எழுத்தால் தோற்றார். அவர் எவரையும் குறைகூறாது தம் மடமையையே நொந்துகொண்டார்.

ஜோன்ஸின் நிகழ்ச்சியில் விதியும் உண்மையும் ஒன்றாக நின்றன. இங்கு அவை பிரிந்துவிட்டன. புள்ளியட்டை ஒன்றே சான்றாக இருந்த காலத்தில், கையொப்பமிட்ட கணக்கைப் பின்னர் மாற்றவொண்ணாது என்ற விதிக்குத் தக்க காரணம் இருந்தது. ஆயிரம் கண்கள் கண்ட அடிக்கு அக்காரணம் பொருந்துமா? சட்டம் பொதுமையாகவே பேச இயலும். தனி நிகழ்ச்சிகளில் அப்பொதுமை வழுவுமிடத்து, சட்டம் இயற்றியவர் அங்கிருந்திருப்பின் எதைக் கூறியிருப்பாரோ அதனைக் கூறித் திருத்துவதே நேர்மையின் உயர்ந்த வடிவம் என அரிஸ்டோட்டில் கருதினார். இந்நோக்கில் ஓகஸ்ராவின் தீர்ப்பு முறையானதாயினும் நீதியானது என்று கூறுதல் அரிது. அத்தீர்ப்பு கோல்பிக்கும் நன்மை செய்யவில்லை. பிறர் ஐயுறவியலாத வெற்றியை மேலதிகச் சுற்றில் ஈட்டும் வாய்ப்பை அவரும் இழந்தார்.

எனினும் அத்தீர்ப்பை அன்று மாற்றியிருத்தல் வேண்டும் என்ற முடிவு இதனாற் பெறப்படாது. ஒரு நடைமுறையை நியாயப்படுத்துவதும், அந்நடைமுறைக்கு உட்பட்ட ஒரு செயலை நியாயப்படுத்துவதும் வெவ்வேறானவை என ஜோன் றோல்ஸ் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் விளக்கினார். இவ்விதி நல்லதா என்பது விதியமைப்போர்க்குரிய வினா. இவ்விதியின்கீழ் இவ்வடி எண்ணப்படுமா என்பது ஆடுபவர்க்குரிய வினா. ஆட்டத்தின் நடுவில் முதல் வினாவை எழுப்பி அதன் மறைவில் இரண்டாவதிலிருந்து தப்புவோர், தம் நலனை நீதியின் பெயரால் அழைப்பவராகவே முடிவர்.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று புலப்படுத்தும். தென் கரோலினாவின் ஹில்ரன் ஹெட் தீவில் நடந்த போட்டியில் ஆங்கிலேயரான பிரயன் டேவிஸ், ஜிம் பியூரிக்குடன் சமநிலையில் நின்று மேலதிகக் குழியில் ஆடினார். கரையோரத்தில் கிடந்த பந்தை அடிக்க மட்டையைப் பின்னோக்கி எடுத்தபோது, அது உதிர்ந்து கிடந்த நாணற்றண்டொன்றைத் தீண்டியதாக அவருக்குத் தோன்றியது. உடனே அதிகாரியை அழைத்து அறிவித்தார்; ஒளிப்பதிவும் அதனை உறுதிப்படுத்தியது. இரண்டு தண்ட அடிகள் விதிக்கப்பட, அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் அதுவரை வெற்றி காணாத டேவிஸ் அன்றும் வெற்றியை இழந்தார். ஆனால் 2019ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி அத்தகைய தீண்டல் குற்றமன்று. பின்னர் குற்றமல்லாததாகிவிட்ட ஒன்றிற்காக அவர் வெற்றியைத் துறந்தது வீணா?

வாய்மை விதிக்குரியது எனின் வீண் என்றே கூறல் வேண்டும். விதி மாறியதும் அதன் மதிப்பும் மாறிவிடும். வாய்மை உடன் ஆடுவோர்க்குரிய கடன் எனின் அது வீணாகாது. அன்று பியூரிக் அவ்விதிக்கு உட்பட்டே ஆடினார். மற்றையோரும் அதற்கஞ்சியே தம் மட்டைகளை அடக்கி ஆடினர். பொதுவாக ஏற்ற சுமையை ஒருவர் மட்டும் இறக்கி வைப்பது, அச்சுமை தேவையற்றது எனப் பின்னர் முடிவானாலும், அன்றைய நாளில் அநீதியேயாகும். அன்றியும், விதியை மறைவில் மீறுவோர் மலிந்த இடத்தில் அதன் கொடுமை வெளிப்படாது. அதனை ஒளிவின்றி ஏற்றுத் துன்புறுவோர் இருக்குமிடத்திலேயே அது திருத்தம் பெறும்.

மூன்றாவதாக, சாட்சி பெருகும்போது நிகழ்வது யாது என்பதும் ஆராயத்தக்கது. கலிபோர்னியாவில் 2017ஆம் ஆண்டு நடந்த ஏஎன்ஏ இன்ஸ்பிரேசன் மகளிர் போட்டியில் லெக்ஸி தொம்சன் மூன்றாஞ் சுற்றின் பதினேழாவது குழியருகே பந்தை எடுத்துத் திரும்ப வைத்தபோது, அது முன்னிருந்த இடத்திலிருந்து சற்றே விலகிவிட்டது. அதனைத் தொலைக்காட்சியிற் கண்ட ஒருவர் மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினார். இறுதிச் சுற்றில் முன்னணியில் நின்ற தொம்சனிடம் நான்கு தண்ட அடிகள் அறிவிக்கப்பட்டன: தவறான இடத்தில் வைத்து ஆடியமைக்கு இரண்டு, அதனால் பிழையான புள்ளியட்டையில் கையொப்பமிட்டமைக்கு மேலும் இரண்டு. மேலதிகக் குழியில் அவர் ரியு சோ-யோனிடம் தோற்றார். தம் பிழையை அறியாதவர் அதனை அறிவிக்காமைக்காக எவ்வாறு பொறுப்பாவார்? அன்றியும் ஒளிப்படக்கருவி முன்னணியில் நிற்போரையே பெரிதும் தொடர்கின்றது. சிலரை மட்டும் நுணுகிக் காணும் கண் அனைவருக்கும் பொதுவான நீதியை வழங்காது. இதனை உணர்ந்தே 2018ஆம் ஆண்டு தொடக்கம் பார்வையாளரின் முறைப்பாடுகளை ஏற்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அறியாத தண்டத்தைச் சேர்க்காது கையொப்பமிட்டமைக்கான மேலதிகத் தண்டமும் நீக்கப்பட்டது. சாட்சியில்லாத இடத்தில் ஆடுபவர் தம் கடனைத் தீர்ப்பதுபோல, சாட்சி மிகுந்த இடத்தில் விதியமைப்போர் தம் கடனைத் தீர்த்தல் வேண்டும். ஒரு சாரார் மட்டும் நேர்மையாயிருத்தல் போதாது.

இவ்விளையாட்டிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் பெற விழைவோர் ஓர் எல்லையை நினைவிற் கொள்ளல் நன்று. ஆடுபவர் விரும்பி ஆட வருகின்றார், விரும்பாவிடில் விலகலாம், விதி அனைவர்க்கும் ஒன்றே. சமூகத்தின் சட்டங்களோ அவ்வாறானவையல்ல. தம்மைக் கேளாது இயற்றப்பட்டு, ஒருசாராரின்மீது மட்டும் பாரமாய் விழும் சட்டத்திற்குக் கோல்ப் ஆட்டக்காரரின் அடக்கத்தை உதாரணம் காட்டிக் கீழ்ப்படிவு கோருதல் பொருந்தாது. கடன், கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்திலேயே பிறக்கும்.

ஆயின் அத்தகைய கொடுக்கல் வாங்கல் நிகழும் இடங்கள் வாழ்விற் பலவுள. ஆய்வுகூடத்தில் தன் கருதுகோளுக்கு ஒவ்வாத அளவீட்டைக் குறிப்பவனும், தராசின் முன் தனித்து நிற்கும் வணிகனும், எவரும் மீளப் பாராத விடைத்தாளுக்குப் புள்ளியிடுபவரும் தத்தம் நெடும்புல்லிலே நிற்கின்றனர். பந்து அசைந்ததை அங்கு அவர் ஒருவரே அறிவர். அதனை அறிவித்தல் வீரமுமன்று, தியாகமுமன்று. மற்றையோர் தம் அடிகளைச் சரியாக எண்ணியிருக்கின்றனர் என்பதை மறவாதிருத்தல் மட்டுமே அதுவாகும்.