பூச்சுக்குப் பின்னால்

பழைய பைபர் படகு ஒன்றைத் திருத்தி விற்க எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேற்பூச்சு வெளிறிவிட்டது. அங்குமிங்கும் கீறல்கள். இயந்திரம் பூட்டும் பின்பலகை கைபட்டால் சற்றே அசைகிறது. நல்ல நீல வர்ணம் இருமுறை பூசினால் படகு புதிதுபோலாகிவிடும். வாங்குபவரும் முகமலர்ச்சியோடு வாங்குவார். உங்கள் கையிலும் நாலு காசு சேரும். இதில் என்ன தவறு?

விடை கூறுமுன் இப்படகு எவ்வாறு பழுதடைகிறது என்பதை நோக்குவோம். மரவள்ளத்தில் உக்கிய பலகை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். பைபர் படகின் நிலை வேறு. கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்த ஓடு உக்குவதில்லை. ஆனால் பல படகுகளில் அந்த ஓட்டினுள்ளே மரம் உண்டு. பின்பலகையும் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் மரத்தின்மேல் இழை போர்த்தவையே. ஆணி அறைந்த துளை வழியே உள்ளே கசிந்த நீர் வெளியேற வழியில்லை. ஆண்டுக்கணக்கில் மரம் உள்ளேயே உக்கி மாவாகிறது. வெளியே ஓடு பளபளத்துக்கொண்டிருக்கிறது! 15 குதிரைவலு இயந்திரம் 35 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அது படகை உந்தும் விசை முழுவதையும் தாங்குவது இந்தப் பின்பலகைதான். நடுக்கடலில் அது விட்டுக்கொடுத்தால் இயந்திரம் கடலுக்குள், கடல் படகுக்குள்.

முறையான திருத்தம் எளிதன்று. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். பழுதான இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே ஓட்டை வெட்டித் திறந்து, உக்கிய மரம் முழுவதையும் சுரண்டி எடுத்து, நன்கு உலரவிடவேண்டும். கடல்நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகையை வைத்து, பழைய ஓட்டைச் சொரசொரப்பாகத் தேய்த்து, இழைப்பாயை ரெசினில் ஊறவைத்துப் படைபடையாக ஒட்டவேண்டும். ஈரத்தின்மீதும் மெழுகின்மீதும் ரெசின் பிடிக்காது. தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகமூடியும் வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தபின், அந்த உழைப்பில் ஓர் அணுவும் வெளியே தெரியாது. வர்ணம் பூசி மறைத்த படகும் இதுவும் கரையில் ஒன்றுபோலவே நிற்கும். சோதனை பிறப்பது இங்கேதான்.

இது நமக்குத் தூரத்து விடயமன்று. காரைநகரில் சீநோர் நிறுவனம் பைபர் படகுகளைக் கட்டிய 1970ஆம் ஆண்டுகள் தொட்டு நம் கரைகள் இவற்றை அறியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவியாக வந்த படகுகள் பல. அவசரத்திற் கட்டப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. அக்காலத்துப் படகுகளுக்கு இன்று இருபது வயது. கைமாறுகையில் அவற்றின் உள்நிலையை யார் அறிவார்?

“நான் பொய் சொல்லவில்லை. அவரே பார்த்துத்தானே வாங்கினார்?” என்பர் சிலர். இக்கேள்வி பழையது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதனை ஆராய்ந்தார். ஒற்றைக் கண் குதிரையின் குறை எவருக்கும் தெரியும். விலையைத் தக்கபடி குறைத்தால் வாய்திறந்து சொல்லவேண்டிய கடமையில்லை. ஆனால் குறை மறைவானதாயும், வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிப்பதாயும் இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென விற்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பூச்சினடியில் உக்கிய பின்பலகை இவ்வகையைச் சேர்ந்ததன்றோ? மௌனமும் சிலவேளை பொய்யின் தொழிலைச் செய்கிறது.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். அப்படகில் ஏறுபவர் வாங்கியவர் மட்டுமல்லர். பங்குக்குத் தொழிலுக்குப் போகும் இளைஞன் ஒருவனும் ஏறுகிறான். அவன் விலை பேசவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. “பார்த்து வாங்கினார்” என்ற சமாதானம் அவனிடம் செல்லுமா? விடியலில் கரையில் காத்திருக்கும் அவன் தாயிடம் செல்லுமா?

“நானும் ஏழைதானே, உண்மையைச் சொன்னால் விலை விழுந்துவிடுமே” என்பது கனமான கேள்வி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது சிறுபடகுக் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். எனினும், குறையைச் சொல்வதால் விழும் விலை உங்களுடைய பணமன்று. அது அந்தப் படகில் இல்லாத பெறுமதி. அதை மறைத்துப் பெற்றால் உங்கள் வறுமை தீர்வதில்லை. இன்னோர் ஏழையின் தலையில், உயிராபத்தையும் கூட்டி, இறங்குகிறது.

கூலிக்குத் திருத்துபவருக்கும் பங்குண்டு. “முதலாளி மூடச் சொன்னார், மூடினேன்” என்பது போதாது. உக்கலைக் கண்ட கண் அவருடையது. வாங்குபவரும் தப்பமுடியாது. நல்ல ஒட்டுப்பலகைக்கும் ரெசினுக்கும் காணாத விலைக்கு அடித்துப் பேசிவிட்டு நேர்மையான வேலையை எதிர்பார்ப்பது நியாயமா?

என்ன செய்யலாம்? முடிந்தால் முழுமையாகத் திருத்துங்கள். முடியாவிட்டால் உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுங்கள். எவ்வழியாயினும், பின்பலகையைத் திறந்து வைத்திருக்கும் வேளையில், வர்ணம் பூசுமுன், வாங்குபவரை அழைத்துக் காட்டுங்கள். தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று அவர் பார்ப்பது பலகையை மட்டுமன்று, உங்களையுந்தான்.